தகரச் சந்தின் தரைமட்டம்

வெள்ள அபாய வரைபடம் வெளியான மறுவாரம், தகரச் சந்தில் குடியிருந்தவர்கள் எல்லோரும் தரைக்கு ஓர் ஆள் உயரம் மேலே நடமாடத் தொடங்கினார்கள். அது ஒரு செவ்வாய்க்கிழமை. கண் விழித்தபோது பாய்கள் கீழே கிடந்தன. படுத்திருந்தவர்கள் கூரைத் தகட்டுக்கு ஒரு சாண் கீழே, ஒன்றுமில்லாததன் மேல் மல்லாந்து கிடந்தார்கள். உட்கார முயன்றவர்களுக்கு நெற்றி புடைத்தது. அன்று சந்தில் முதலில் கேட்டது வியப்புக் குரல் அல்ல, தகரம் இடிபடும் சத்தம். வெயில் ஏறுவதற்குள் பாதி வீடுகளில் தகடுகளைக் கழற்றிவிட்டார்கள். கூரைகளுக்கு மேல் வரிசையாகத் தலைகள் தெரிந்தன. பக்கத்து வீட்டுக்காரர்கள் முதன்முறையாக ஒருவர் பல் துலக்குவதை ஒருவர் பார்த்தார்கள். காலை ஊன்றினால் ஊன்றியது, குதித்தால் தாங்கியது. சந்தின் முனையில் அந்த உயரம் கத்தியால் வெட்டினாற்போல முடிந்தது. தெரியாமல் பஸ்ஸைப் பிடிக்க ஓடிய ஒருவருக்குக் கணுக்கால் பிசகியது. மாலைக்குள் அங்கே ஓர் ஏணி வந்துவிட்டது.

பொருள்களுக்கு உயரம் கிடைக்கவில்லை. தட்டு, துடைப்பம், பீரோ எல்லாம் கீழேயே இருந்தன. மூலைக்கு மூலை இரும்புக் குழாய் நட்டு, அடுப்பையும் அலமாரியையும் சங்கிலியில் தொங்கவிட்டார்கள். தகடுகளை இன்னோர் ஆள் உயரம் தூக்கி மாட்டினார்கள். தையல்காரி தன் மெஷினை நான்கு சங்கிலிகளில் தொங்கவிட்டாள். மிதிக்கும்போது அது ஊஞ்சல் போல ஆடியதால் அந்த மாதம் தைத்த ஜாக்கெட்டுகளில் ஒரு கை நீளமாகவே வந்தது. வாடிக்கையாளர்கள் கீழே நின்று சத்தம் போட்டார்கள். அவள் மேலிருந்து பதில் சொன்னாள். பிற ஊரிலிருந்து வந்த விருந்தாளிகளையும் அந்த உயரம் ஏற்கவில்லை. ஏணியில் ஏறி நம்பிக்கையோடு காலை எடுத்து வைத்த ஒரு மாமனார் நேராகத் தரைக்குப் போய் மணிக்கட்டை உடைத்துக்கொண்டார். சந்தின் நாய்கள் மனிதர்களின் நிழலில் நடந்தன.

காரணம் சந்தில் யாருக்கும் தெரியாது. தெரிந்திருக்க வேண்டிய ஒருத்தி, தையல்காரியின் அக்கா. அந்த வரைபடத்தை வரைந்தவள் அவள்தான். ஆற்றோர மாவட்டங்களில் எந்தத் தெரு மூழ்கும், எது மூழ்காது என்று குறிக்கும் அலுவலகத்தில் அவளுக்கு வேலை. செயற்கைக்கோள் மேலிருந்து அளந்து தரும் நில உயரத்தைச் சிறு சிறு சதுரங்களாகப் பிரித்து, பழைய வெள்ளங்களின் மட்டத்தோடு ஒப்பிட்டு, மூழ்கும் சதுரத்துக்குச் சிவப்பும் மற்றதற்குப் பச்சையும் பூசி, கடைசி மக்கள்தொகைக் கணக்கை அதன்மேல் ஏற்றுவாள். சிவப்புக்குப் படகு உண்டு, முகாமில் இடம் உண்டு. பச்சைக்கு ஒன்றும் கிடையாது. செயற்கைக்கோளுக்கு மண் தெரியாது, மேலே எது இருக்கிறதோ அதுதான் தெரியும். ஆகவே மரங்கள் அடர்ந்த இடத்தில் மரத்தின் உயரத்தைக் கழிக்க வேண்டும். அவள் கழித்திருந்தாள். தகரச் சந்தில் மரமே இல்லை. கூரையோடு கூரை உரசி நின்ற அந்தத் தகரத்தைச் செயற்கைக்கோள் தரை என்று எழுதி அனுப்பியிருந்தது. மற்ற தெருக்களை இரண்டு தடவை சரிபார்த்தவள், தங்கையின் சந்து பச்சையாக வந்ததைப் பார்த்ததும் சந்தோஷப்பட்டு அடுத்த சதுரத்துக்குப் போய்விட்டாள்.

தங்கை போனில் சொன்னபோது அவள் நம்பவில்லை. நேரில் வந்து, சந்துக்குள் நின்று, அண்ணாந்து பார்த்ததும் புரிந்துவிட்டது. தலைக்கு மேல் தங்கையின் இரண்டு உள்ளங்கால்கள் இருந்தன. அப்போது தங்கைக்கு ஏழு மாதம்.

"இது என் தப்புடி. தரையில்லாத இடத்துல தரையைப் போட்டுட்டேன்" என்றாள் வரைபடக்காரி.

"இருக்கட்டும் விடுக்கா. சேறு இல்ல, பெருச்சாளி இல்ல. காத்து சூப்பரா வருது."

"இது நிக்காதுடி. எப்ப வேணா எடுத்துருவாங்க."

"எடுக்கிறவங்க முதல்ல ஏறி வரட்டும்."

அதில் நியாயம் இருந்தது. சந்தைக் காலி செய்யச் சொல்லும் நோட்டீஸோடு வருஷா வருஷம் வரும் அதிகாரி, அந்த ஆண்டும் வந்து, கதவில் ஒட்டிவிட்டுப் போனார். கதவு இருக்கும் மட்டத்தில் யாரும் வசிக்கவில்லை என்பதால் நோட்டீஸ் சேர்ப்பிக்கப்பட்டதா இல்லையா என்பது கோர்ட்டில் இன்னும் முடிவாகவில்லை.

குழந்தை மழைக்குச் சில வாரங்கள் முன்பு ஆஸ்பத்திரியில் பிறந்தது. பெண். அதன் தகப்பன் வீடு வீடாக கேஸ் சிலிண்டர் போடுகிறவர், ஊரில் எல்லோரும் அவரைச் சிலிண்டர் என்றே கூப்பிட்டார்கள். அவர் குழந்தையை ஒரு கையில் அணைத்தபடி ஏணியில் ஏறினார். மக்கள்தொகைக் கணக்கில் அந்தக் குழந்தை இல்லை, ஆகவே அந்தச் சந்தில் அதற்குத் தரையும் இல்லை. மாமனாரின் மணிக்கட்டைப் பார்த்திருந்ததால் யாரும் சோதித்துப் பார்க்கவில்லை. கை, தோள், குழாயில் கட்டிய தூளி, இந்த மூன்றைத் தவிர அதை வேறெங்கும் வைக்கவில்லை. தங்கை சரியாகத் தூங்குவதை நிறுத்திவிட்டாள். தூளியின் முடிச்சைத் தொட்டுக்கொண்டே தைத்தாள்.

வரைபடக்காரி தனக்கு மேலிருந்த பொறியாளரிடம் போய்ப் பிழையைச் சொன்னாள். அவர் கெட்டவர் அல்ல. மேஜையில் இரண்டு பேனா வைத்திருப்பவர், ஒன்று எழுத, ஒன்று கையெழுத்துக்கு. தப்பென்று தெரிந்தால் அன்றே திருத்த வேண்டும் என்பது அவர் கொள்கை. உயரத்தை மாற்றுவதற்கு அலுவலகச் செயலியில் அவள் ஒரு பொத்தானை அழுத்த வேண்டும், பிறகு அவர் ஒன்றை அழுத்த வேண்டும். சோதனைக்காகச் சந்தின் கோடியில் இருந்த ஒரே ஒரு சதுரத்தைத் திருத்தினார்கள். அதில் ஒரு சலூன் மட்டும் இருந்தது. சலூன்காரர் வேறு தெருக்காரர், பெஞ்சின் மேல் ஏறி நின்று சந்துக்காரர்களுக்குச் சவரம் செய்துகொண்டிருந்தார். திருத்தம் ஏறிய நொடியில், நுரை பூசிய முகத்தோடு இருந்த வாடிக்கையாளர் அவர் மேல் விழுந்தார். கத்தி அப்போது கிண்ணத்தில் இருந்தது. அதனால்தான் இன்றும் அந்த வாடிக்கையாளர் இருக்கிறார்.

"மெதுவா இறங்காதா?" என்று கேட்டார் பொறியாளர், செய்தி வந்ததும்.

"ஏத்தின நம்பர் போனா அப்பவே போயிடுது சார்."

"அப்ப முதல்ல எல்லாரையும் ஏணி வழியா இறக்குங்க. அப்புறம் திருத்தலாம். மழைக்கு முன்னாடி முடிக்கணும். பச்சையில ஒரு உயிர் போச்சுன்னா நாம ரெண்டு பேரும் பதில் சொல்லணும்."

சந்துக்காரர்கள் இறங்க மாட்டோம் என்றார்கள். அவள் வாரம் இருமுறை வந்து, கீழே நின்று, கழுத்து வலிக்கக் கெஞ்சினாள். உண்மையான தரையை வைத்து அவள் தனியாக ஒரு கணக்கும் போட்டிருந்தாள். பெரிய வெள்ளம் வந்தால் தண்ணீர் அவர்கள் பாதத்துக்கு ஒரு சாண் கீழே நிற்கும் என்று வந்தது. கணக்கில் பிழை ஒரு முழம் வரை இருக்கலாம். அந்தச் சாணை நம்பி அந்த முழத்தை மறப்பது அவளால் முடியவில்லை. கடைசியில் தங்கைதான் சந்துக்காரர்களை ஒப்புக்கொள்ள வைத்தாள். குழந்தையைக் கீழே கிடத்தி ஒரு நாள் நன்றாகத் தூங்க வேண்டும் என்று சொன்னாள். அடுத்த மாதம் முதல் ஞாயிறு எல்லோரும் இறங்குவது என்று முடிவாயிற்று. வெள்ளம் அதற்கு முந்தைய வியாழக்கிழமை வந்தது.

மலையில் மூன்று நாள் மழை. வியாழன் காலை அணையைத் திறந்துவிட்டு, திறக்கப் போவதாக அறிவித்தார்கள். அலுவலகத்துக்குக் கிளம்பியிருந்த வரைபடக்காரி பஸ்ஸிலிருந்து இறங்கி எதிர்ப்பக்கம் ஓடினாள். சந்து முனையை அடைந்தபோது சாலையில் முழங்கால் தண்ணீர். உள்ளே போய், இறங்குங்கள், என் வீட்டுக்குப் போகலாம் என்று அவள் கத்திக்கொண்டிருக்கும்போதே ஏணி மிதந்து, ஒருமுறை சுழன்று, சாலையோடு போய்விட்டது. சந்து முனையைவிட உட்பகுதி பள்ளம். திரும்பிப் பார்த்தபோது வந்த வழியில் தண்ணீர் இடுப்பளவுக்கு இழுத்து ஓடியது. சிலிண்டர் அந்தரத்தில் குப்புறப் படுத்து, இரண்டு கையையும் கீழே நீட்டி, அவளை அக்குளில் பிடித்துத் தூக்கினார். தூக்கிய பிறகு வைக்க இடமில்லை. அந்தச் சந்தில் தரையில்லாதவர்கள் இப்போது இரண்டு பேர். அவர் யோசிக்கவில்லை, சிலிண்டரைப் போடுவதுபோல அவளை இடது தோளில் போட்டுக்கொண்டார்.

"மாப்பிள்ளை, வெக்கமா இருக்கு."

"காலி சிலிண்டர் வெயிட்டுதான் அண்ணி இருக்கீங்க. ஆடாம உக்காருங்க."

தண்ணீர் ஜன்னல் மட்டத்தைத் தாண்டியது. கதவுகளில் ஒட்டியிருந்த நோட்டீஸ்கள் அதில் போயின. நாய்களில் இரண்டை எட்டிப் பிடித்துத் தூக்கினார்கள், மற்றவை போய்விட்டன. முன்பு தரையில் விட்ட பீரோ ஒன்று படுத்தபடி மிதந்து எல்லோருடைய பாதங்களுக்கும் கீழே மெல்லப் போயிற்று. அதன் கண்ணாடியில் மேலே நின்றவர்கள் தங்களைத் தலைகீழாகப் பார்த்தார்கள். தங்கை குழந்தையைத் தூளியிலிருந்து எடுத்து, புடவைத் துண்டால் மார்போடு இறுக்கிக் கட்டிக்கொண்டாள். போன் அடித்தது. பொறியாளர்.

"எங்க இருக்கீங்க? திருத்தம் ரெடியா இருக்கு. நீங்க அழுத்துங்க, நான் அழுத்தறேன். சிவப்பு ஆன அடுத்த நிமிஷம் படகு கிளம்பும். இங்க நாலு படகு சும்மா நிக்குது."

"வந்து சேர எவ்வளவு நேரம் சார்?"

"முக்கால் மணி நேரம்."

"நான் அழுத்தினா இவங்க இப்பவே தண்ணியில சார்."

"அழுத்தலைன்னா படகே இல்ல."

இரண்டும் உண்மை. அவள் போனை அணைக்கவில்லை, காதிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். தண்ணீர் பாதத்துக்கு ஒரு சாண் கீழே வந்து நின்றது. அவள் போட்ட கணக்கு சரியாக இருந்தது. சந்து மூச்சை விட்டது. யாரோ சிரித்தார்கள். பிறகு அது மறுபடி ஏறத் தொடங்கியது. விரல்களை நனைத்தது. பாதத்தை மூடியது. இல்லாத தரையின் மேல் நின்றுகொண்டிருந்தவர்களுக்கு, இப்போது தரை வழுக்கியது. கணுக்கால் நனைந்ததும் பேச்சு மாறிற்று. பாதிப் பேர் படகைக் கூப்பிடு என்றார்கள், பாதிப் பேர் கை வைக்காதே என்றார்கள். வாட்ச்மேன் ஒருவர், உன் தப்புக்கு எங்களைப் பலி குடுக்காதே என்று அழுதார். தோளின் மேல் இருந்ததால் அவள் எல்லோரையும்விட உயரத்தில் இருந்தாள். அது அவளுக்குக் கூசியது. தண்ணீர் ஆடுசதைக்கு வந்தது. சிலிண்டரின் கால் ஒருமுறை வழுக்கி ஊன்றியது. அவள் போனில் செயலிக்குப் போய்த் திருத்தத்தைத் திறந்தாள். கட்டைவிரலைப் பொத்தானுக்கு மேல் வைத்தாள்.

"அக்கா, என்ன பண்ணப் போற?" என்றாள் தங்கை.

"படகு வரட்டும். குழந்தையை மட்டும் மாப்பிள்ளைகிட்ட குடு. அவருக்கு நீந்தத் தெரியும். என்னை விட்டுடுங்க."

"அந்த நம்பரை உனக்கு எறக்கத் தெரியுதுல்ல?"

"தெரியும்."

"ஏத்தத் தெரியாதா?"

வரைபடக்காரி அவளைப் பார்த்தாள். பதினோரு வருஷமாகப் பிழையைக் கண்டுபிடித்துக் குறைப்பது ஒன்றே அவள் வேலை. இருக்கிற பிழையைப் பெரிதாக்கலாம் என்பது ஒருபோதும் அவளுக்குத் தோன்றியதில்லை.

"அது பொய்டி."

"இப்ப நான் நிக்கிறது என்னது?"

"ஏத்திட்டா நாம இன்னும் பச்சை. படகு வரவே வராது. அது போதலைன்னா..."

"இடுப்புல நிறுத்திடாத. கொஞ்சம் தாராளமா போடு. கஞ்சத்தனம் உன் கூடவே பொறந்தது."

அவள் பழைய எண்ணை அழித்தாள். இன்னோர் ஆள் உயரம் கூட்டிப் போட்டாள். விரல் ஈரமாக இருந்ததால் இரண்டுமுறை அழுத்த வேண்டியிருந்தது. காரணம் என்ற கட்டம் காலியாக இருந்தால் செயலி விடாது. யோசித்து, நேரில் கண்டது என்று எழுதி அனுப்பினாள். பிறகு போனைக் காதில் வைத்தாள்.

"சார், ஒண்ணு அனுப்பியிருக்கேன். அழுத்துங்க."

மறுமுனையில் நாற்காலி நகரும் சத்தம். அவர் படித்துக்கொண்டிருந்தார். எதையும் இரண்டுமுறை படிப்பவர்.

"இது என்னது? கூட்டியிருக்கீங்க?"

"ஆமா சார்."

"இதுக்கு நான் எப்படிக் கையெழுத்துப் போட முடியும்? இது பொய்."

"முன்னாடி இருந்ததும் பொய்தான் சார். அதுக்கும் நீங்கதான் போட்டீங்க."

தண்ணீர் முழங்காலுக்கு வந்தது. உயரம் குறைந்தவர்களுக்குத் தொடை. தங்கை குழந்தையின் தலையைத் தன் கழுத்துவரை ஏற்றிப் பிடித்தாள். குழந்தை விழித்திருந்தது, அழவில்லை.

"நேரில் கண்டதுன்னு எழுதியிருக்கீங்க. என்ன கண்டீங்க?"

"தண்ணி, சார். முழங்கால் வரைக்கும்."

"நீங்க இப்ப எங்க?"

"சந்துலதான். மாப்பிள்ளை தோள்ல."

ஒரு பேனா மூடியைக் கழற்றும் சத்தம் கேட்டது. எதற்குப் பேனா என்று அவளுக்குப் புரியவில்லை. பழக்கம் போலிருக்கிறது. பிறகு போன் அணைந்துவிட்டது. அவர் வைத்தாரா, சார்ஜ் தீர்ந்ததா என்று பார்க்க அவளுக்குத் தைரியம் வரவில்லை. ஓர் அலை வந்து தங்கையின் இடுப்பில் அடித்தது. அடுத்த அலை அவளைத் தொடவில்லை.

லிஃப்ட் கிளம்பும்போது வயிற்றில் ஒன்று அசையுமே, அதுதான் எல்லோருக்கும் ஆயிற்று. பாதங்கள் தண்ணீரிலிருந்து வெளியே வந்து சொட்டின. உயர்த்திக் கட்டிய கூரைத் தகடுகளில் மறுபடியும் தலைகள் இடித்தன. வாட்ச்மேன் நெற்றியைத் தேய்த்துக்கொண்டு, ஏதோ ஒரு கெட்ட வார்த்தையை மிகுந்த பக்தியோடு சொன்னார். சிலிண்டர் தோளை மாற்றிக்கொண்டார்.

மறுநாள் மதியம் தண்ணீர் இறங்கும்வரை வரைபடக்காரியைத் தோள்மாற்றித் தோளாக வைத்திருந்தார்கள். சந்தில் யாரும் சாகவில்லை. சும்மா நின்ற நான்கு படகுகளும் சாலைக்கு எதிர்ப்புறச் சிவப்புக்குப் போய், அங்கே பள்ளிக்கூட மாடியில் நின்றவர்களைக் கொண்டுவந்தன. சிலிண்டருக்கு இடது தோள் ஒரு வாரம் தூக்கவில்லை. அந்த வாரம் பல வீடுகளில் கேஸ் தாமதமாக வந்ததாகப் புகார் உண்டு. பொறியாளர் அந்த ஒப்புதலைப் பற்றி அவளிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. மூன்று மாதம் அவருக்குத் தூக்கம் இல்லை என்று அவர் மனைவி சொன்னார். நான்காம் மாதம் செயற்கைக்கோளின் புதிய அளவு வந்தது. வெள்ளத்துக்கு முன்பு உயர்த்திக் கட்டிய கூரைகளை அது அளந்திருந்தது. அவள் போட்ட எண்ணும் அதுவும் ஏறக்குறைய ஒன்றாக இருந்தன. அவர் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வெகுநேரம் பார்த்தார். பிறகு கோப்பை மூடிவிட்டு, தன் மச்சினன் குடியிருக்கும் காலனியைப் பற்றி, பார்வையை ஜன்னல் பக்கம் வைத்துக்கொண்டு, ஏதோ விசாரித்தார்.

சந்து அங்கேயே இருக்கிறது. பச்சையாகத்தான் இருக்கிறது. ஏணி இப்போது இரும்பில், இரண்டு ஆள் உயரத்துக்கு. தபால்காரர் கயிற்றில் கட்டிய கூடையில் போட்டுவிட்டுப் போகிறார். வெள்ளம் அதன்பிறகு இருமுறை வந்தது. கீழே போகும் தண்ணீரைப் பார்த்தபடி தையல்காரி தைத்தாள். அந்த ஆண்டுகளில் சந்தில் பிறந்த குழந்தைகள் தோள்களிலேயே வளர்ந்தன. அவற்றைச் சுமந்த தகப்பன்மார் எல்லோரும் ஒரு பக்கமாகச் சாய்ந்து நடந்தார்கள்.

மூன்றாம் ஆண்டு கோடையில் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு வந்தது. எடுக்க வந்தவர் ஒரு பள்ளி ஆசிரியை. ஏணியின் கடைசிப் படியில் நின்று, கைப்பிடியில் முழங்கையைக் கோத்துக்கொண்டு, ஒவ்வொரு வீட்டையும் கூப்பிட்டு எழுதினார். தங்கையின் வீட்டில் எத்தனை பேர் என்று கேட்டார். குழந்தையோடு மூன்று என்றாள் தங்கை. எழுதியாயிற்று என்றார். வரைபடக்காரி அன்று கீழேதான் நின்றுகொண்டிருந்தாள், கைகளை விரித்து, விழுந்தால் பிடிக்க. தங்கை குனிந்து, குழந்தையை இடுப்பிலிருந்து இறக்கி, அக்குளில் பிடித்தபடியே சிறிது நேரம் வைத்திருந்தாள். பிறகு கையை எடுத்தாள்.

குழந்தை நிற்கவில்லை, நிற்க அதற்குத் தெரியாது. பொத்தென்று உட்கார்ந்தது. உட்கார்ந்த இடத்தை உள்ளங்கையால் இரண்டு தடவை தட்டிப் பார்த்தது. ஆசிரியை மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, சமையலறை தனியாக உண்டா என்று கேட்டார்.